பால் குளிர்விக்கும் குழாய்ச் சுருளை நம்பி 4,800 மலேசிய வெள்ளியை இழந்தேன்: சிறு உணவு வியாபாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை

தைப்பூசத்திற்காகப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும் வழியிலுள்ள ஒரு தண்ணீர்ப் பந்தலுக்குத் தருவதாக வாக்களித்திருந்த 60 லிட்டர் பாதாம் பாலை, விடியற்காலையில் கால்வாயில் ஊற்றினேன். அது நடந்து ஒரு வாரம்தான் ஆகிறது. இன்னும் ஆறவில்லை.

பிறையில் மாடு வளர்த்து, வீட்டோடு சேர்ந்த சிறு சமையற்கூடமும் வைத்திருக்கிறேன். 85 டிகிரியில் காய்ச்சிய பாலை அரை மணி நேரத்தில் 35 டிகிரிக்கு இறக்கிவிட்டால், மீதியைக் குளிர்பெட்டி பார்த்துக்கொள்ளும். அதற்காகவே இணையச் சந்தையொன்றில் கடை வைத்திருக்கும் ஒரு பட்டறைக்காரரிடம், மூடிய உருளைக்குள் எவர்சில்வர் சுருள் வைத்த கருவியை வாங்கினேன். சுருளுக்குள் பால் ஓடும். அதைச் சுற்றிக் குழாய்த்தண்ணீர் ஓடும். சுருளின் நீளம் 15 மீட்டர் என்றும், பால் 25 டிகிரி வரை குளிரும் என்றும் விளம்பரத்தில் எழுதியிருந்தார். எங்கள் வீட்டுக் குழாய்த்தண்ணீரே 28 டிகிரி; அதைக் கொண்டு எந்தப் பாலையும் 25க்கு இறக்க முடியாது என்பதை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

என்னை நம்ப வைத்தது ஒரு காணொளி. ஆவி பறக்கும் பானையிலிருந்து கருவிக்குள் போன திரவம் மறுமுனையில் வெப்பமானியின் மீது விழுந்தது. எண் 32 என்று நின்றது. "அக்கா, நீங்க நம்ம ஆளு, உங்களுக்குப் போய் தப்பான சாமான் கொடுப்பேனா? சந்தை வழியா வாங்கினா 5,200, நேரா அனுப்புங்க, 4,800 போதும்" என்றார் பட்டறைக்காரர். அன்று மாலையே அவருடைய வங்கிக் கணக்கிற்கு 4,800 வெள்ளியை அனுப்பினேன்.

கருவி தைப்பூசத்திற்கு இரண்டு நாள் முன்புதான் வந்தது. நிமிடத்திற்கு இரண்டு லிட்டர் வீதம் பாலை விட்டபோது 54 டிகிரியில் வெளியே வந்தது. அவரை அழைத்தேன். பால் கெட்டியாக இருக்கிறது, குழாயை மெல்லத் திறவுங்கள் என்றார். மறுமுறை தண்ணீரில் ஐஸ் போடச் சொன்னார். மூன்றாம் முறை, மேலாளர் வெளியூரில் இருக்கிறார் என்றார். இதற்குள் பானைகளில் வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் நின்ற பால் புளித்துவிட்டது.

பொறியியல் படிக்கும் என் தம்பி மகன் உருளையைத் திறந்து பார்த்தான். உள்ளே 15 சென்டிமீட்டர் அகலத்தில் பத்தே சுற்றுகள், அதாவது ஐந்து மீட்டர்கூட இல்லை. 60 லிட்டர் பாலை அரை மணியில் 50 டிகிரி இறக்குவதென்றால் ஏறத்தாழ 6.7 கிலோவாட் வெப்பம் குழாய்ச்சுவரைத் தாண்டிப் போயாக வேண்டும். ஒரு சென்டிமீட்டர் உள்விட்டக் குழாயானால் அதற்குச் சுமார் 14 மீட்டர் நீளம் தேவை என்று அவன் கணக்குப் போட்டுக் காட்டினான். போதாததற்குத் தண்ணீரையும் பால் நுழையும் முனையிலேயே நுழையும்படி பொருத்தியிருந்தார்கள். இரண்டும் ஒரே திசையில் ஓடினால், நான் விட்ட நிமிடத்திற்கு ஆறு லிட்டர் தண்ணீரில், குழாய் எவ்வளவு நீண்டாலும் பால் 42 டிகிரிக்குக் கீழே இறங்காது. எதிரெதிராக ஓடினால்தான், வெளியேறும் பால் புதிதாக நுழையும் தண்ணீரைச் சந்திக்கும். இணைப்பை மாற்றிப் பார்த்தோம். இரண்டு டிகிரிதான் குறைந்தது.

பிறகு அந்தக் காணொளியை மீண்டும் ஓட்டினோம். ஓடியது பாலே அல்ல, வெந்நீர். அதுவும் நூல் போல விழுகிறது. ஒரு குவளை நிறைய ஒன்றரை நிமிடம் ஆகிறது. அந்த வேகத்தில் எந்தக் குட்டைக் குழாயும் குளிர்விக்கும், ஆனால் என் 60 லிட்டருக்கு ஏழரை மணி நேரம் ஆகும். குழாயை மெல்லத் திறக்கச் சொன்னதும் இதே ஏமாற்றுதான். ஓட்டம் மெதுவாகும்போது பால் அடுக்கடுக்காகச் சீராக நகர்கிறது, நடுவிலுள்ள சூடு சுவருக்கு மெதுவாகவே வருகிறது, நேரம்தான் கூடுகிறது. கலங்கி ஓடினால் சூடு விரைவாகச் சுவருக்கு வரும். 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுக் காட்டிய வேறுபாடு இதுதான் என்றான் அவன்.

படங்களுடன் மீண்டும் கேட்டதற்கு, முத்திரையை உடைத்ததால் உத்தரவாதம் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. பணம் தங்கள் வழியாக வரவில்லை என்று சந்தைத் தளம் கைகழுவியது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் விசாரித்தால், வியாபாரத்திற்கு வாங்கிய பொருளை ஏற்க இயலாது என்கிறார்கள். இனி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவைத்தான் பார்க்க வேண்டும். 4,800 வெள்ளி எனக்கு இரண்டு மாத மாட்டுத்தீவனச் செலவு.

வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். நீளம், உள்விட்டம், நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்ற மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். உங்கள் பாலை உங்கள் வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக உணவுக் கருவிகளுக்கு ஏற்ற 304 ரக எவர்சில்வர் என்று நம்பாதீர்கள், மலிவான 201 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. தளத்திற்கு வெளியே பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். பங்குனி உத்திரத்திற்குப் பந்தல் போடுபவர்கள் இப்போதே தேடத் தொடங்கியிருப்பீர்கள். அந்த விளம்பரம் 32 என்று நிற்கும் அதே காணொளியுடன் இன்று காலையும் தளத்தில் இருக்கிறது.