ஊருக்குக் கிராபிக்ஸ் கார்டு கொண்டுபோகிறீர்களா? முதலில் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் தம்பிமார், அக்கா பிள்ளைகள் கேட்டு வைக்கும் சாமான்களில் இப்போது கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்துவிட்டது. கைப்பையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். சிக்கல் அதன் பிறகுதான். ஊரில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் பலதும் கேபினெட்டோடு சேர்ந்து வந்த மலிவான எஸ்எம்பிஎஸ்-ஸில், அதாவது உள்ளே எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், ஓடிக்கொண்டிருக்கும்; புதுக் கார்டை அது தாங்காமல் போகலாம். (கடையில் 'பவர் சப்ளை' என்று கேட்டால் லேப்டாப் அடாப்டரை எடுத்துக் காட்டக்கூடும். 'எஸ்எம்பிஎஸ்' என்றால்தான் உடனே புரியும்.)

புறப்படும் முன்பே கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கொட்டை எழுத்தில் இருக்கும் '500 வாட்' கணக்கில் வராது. பார்க்க வேண்டியது +12 வோல்ட் கட்டம். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 18 = 216 வாட், அவ்வளவுதான். கார்டும் பிராசஸரும் கிட்டத்தட்ட முழுக்க இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. மிச்ச வாட் எல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட்டில் ஏற்றிக் காட்டிய கணக்கு. ஒழுங்கான 550 வாட் எஸ்எம்பிஎஸ்-ஸில் அதே கட்டத்தில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். 12வி1, 12வி2 என்று இரண்டு கட்டம் இருந்தால் ஆம்பியரைக் கூட்டிவிடாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து அடியில் ஒரு வாட் போட்டிருப்பார்கள், அதுதான் உண்மை.

இப்போது தேவை எவ்வளவு? ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு 250 வாட். ரைசன் 5 7600 பிராசஸர் முழு வேலையில் 88 வாட் வரை போகும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு 60 வாட் வையுங்கள். மொத்தம் 400-ஐ ஒட்டி வரும். தயாரிப்பாளரான என்விடியா இந்தக் கார்டுக்கு 650 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்கிறது. அந்த 250 வாட் இடைவெளி வீண் இல்லை: கார்டு மில்லிசெகண்ட் கணக்கில் தன் அளவைத் தாண்டித் துள்ளும், வெயில் காலத்தில் கேபினெட்டுக்குள் சூடு ஏறும்போது மலிவான எஸ்எம்பிஎஸ்-ஸின் திறனும் இறங்கும். சக்தி போதாத எஸ்எம்பிஎஸ் டெஸ்க்டாப்பில் ஒன்றும் காட்டிக்கொடுக்காது. கேம் லோடு ஆகும் நேரத்தில் மெஷின் பட்டென்று அணையும். உடனே கார்டு போச்சு என்று நினைத்துவிடுகிறார்கள்.

சென்னையில் இதைச் சரிபார்க்க எல்லாரும் போவது கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குத்தான். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடை தூரம், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும். கவுண்டரில் நடக்கும் வழக்கமான சோதனை இதுதான்: மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைப்பார்கள், ஃபேன் சுற்றும். அல்லது கையடக்க டெஸ்டரைச் செருகினால் 12.1, 5.0, 3.3 என்று காட்டும். "நல்லாருக்கு சார், தாராளமா ஓடும்." இரண்டு நிமிடத்தில் முடிந்தது. செத்துப்போன எஸ்எம்பிஎஸ்-ஸைக் கண்டுபிடிக்க அது போதும். சுமை ஏறாத நிலையில் எடுத்த அளவு 250 வாட் கார்டைத் தாங்குமா என்பதற்குச் சாட்சி ஆகாது.

கேட்க வேண்டிய சோதனை வேறு. கார்டை மாட்டி, அதை முழு வேலை வாங்கும் ஃபர்மார்க் அல்லது ஓசிசிடி மென்பொருளை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். ஓடும்போதே சும்மா தொங்கும் நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சள், கருப்பு ஒயர்களுக்கு இடையே மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. 12.1-இல் தொடங்கி 11.5-க்குச் சரிந்தால் அதுவே எச்சரிக்கை. பல கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்; தனியாகச் சர்வீஸ் காசு கொடுத்தால் செய்வார்கள். கொடுக்கலாம், தப்பில்லை.

ஒயர் விஷயத்தில்தான் அதிகம் கெடுகிறது. 5070-க்கு 16 பின் இணைப்பு. பெட்டியில் வரும் கன்வெர்ட்டருக்கு இரண்டு 8 பின் வேண்டும். ஒரே ஒயரின் நுனியில் இரண்டு 8 பின் தொங்கினாலும் அது ஒரு ஒயர்தான். தனித்தனியாக இரண்டு ஒயர் இழுங்கள். 8 பின் இல்லை என்றால் "கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் சார்" என்று ஹார்டு டிஸ்க்குக்குக் கரண்ட் தரும் சாட்டா ஒயரிலிருந்து 8 பின் எடுத்துக் கொடுப்பார்கள். வேண்டவே வேண்டாம். சாட்டாவில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், ஆக 54 வாட். 8 பின் வழியாகக் கார்டு 150 வாட் வரை இழுக்கலாம். பிளாஸ்டிக் உருகும். பிராசஸருக்கான 8 பின்னும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அது 4+4-ஆகப் பிரியும், கார்டுக்கானது 6+2. துருவம் நேர் எதிர். இறுக்கமாக இருக்கிறதே என்று அமுக்கக் கூடாது. 16 பின்னைக் கார்டில் இடைவெளியே தெரியாத அளவுக்கு அழுத்துங்கள், செருகிய இடத்தருகே ஒயரை மடக்காதீர்கள். அரைகுறையாகச் செருகியதுதான் பல இடங்களில் கருகியது.

எஸ்எம்பிஎஸ்-ஸையும் வெளிநாட்டிலிருந்து சுமந்து வரலாமா? என் கணக்கில் வேண்டாம். எடை அதிகம், வாரண்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். ஊரிலேயே சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். கொண்டுதான் வருவேன் என்றால் கழற்றி மாட்டும் மாடுலர் ஒயர் பையை மறக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடையில் கிடைத்த வேறு கம்பெனி ஒயரைச் செருகினால் பொருந்தும், ஆனால் எஸ்எஸ்டி போய்விடும். பின்னால் 115/230 சுவிட்ச் இருக்கும் அமெரிக்கப் பழசாக இருந்தால், சுவரில் செருகும் முன் 230-க்குத் தள்ளுங்கள்.

கடைசியாக, மேசைக்கடியில் இருக்கும் யூபிஎஸ். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ பெட்டி 360 வாட்தான் தரும். புதுக் கார்டோடு கேம் ஓடும்போது கரண்ட் போனால் கூவிவிட்டு அணைந்துவிடும், புது எஸ்எம்பிஎஸ் மேல் பழி விழும். 1000 விஏ-க்கு மாற்றுங்கள். வாட் எண்ணை அதிலும் தனியாகப் பாருங்கள், 600-க்குப் பக்கமாக இருந்தால் போதும்.