மாட்டுங்காவில் 24 வாரம் கோபத்துக்கு வகுப்பு

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மிக்ஸி ஜாரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பரீட்சைக்கு முதல் நாள் மகள் கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான் காரணம். தேங்காய்ச் சட்னியின் கறை மும்பை செம்பூர் வீட்டுச் சுவரில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. மகள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் மாட்டுங்காவில் ஒரு மனநல மையம் நடத்தும் வகுப்பில் பெயர் கொடுத்தேன். வடாலாவில் வண்டி மாறி, கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி நடக்க வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம், 24 வாரம், வகுப்புக்கு 1,200 ரூபாய்.

டி.பி.டி. என்பது சிகிச்சையின் பெயர், விரித்தால் ‘டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி’. முதல் சொல் ‘டயலெக்டிகல்’, அதாவது இயங்கியல். அந்தச் சொல்லை அதுவரை தொழிற்சங்கக்காரரான என் அப்பாவிடம்தான் கேட்டிருக்கிறேன். மார்க்ஸ் இங்குமா என்று விழித்தேன். ‘நீ இருக்கிறபடி ஏற்கத் தக்கவள்தான், ஆனாலும் மாறியாக வேண்டும்’ என்று இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் இங்கே இயங்கியல். தற்கொலை எண்ணத்தோடு போராடுகிறவர்களுக்காக இதை உருவாக்கியவர் மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர். இளம் வயதில் தாமே மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்ததை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

முதலில் பலித்தது தண்ணீர். மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் அரை நிமிடம் அமிழ்த்தினால் இதயத் துடிப்பு இறங்குகிறது. (இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.) மே மாத மும்பையில் குழாய்த் தண்ணீரே சுடும் என்பதால் இட்லி மாவுப் பாத்திரத்தில் ஐஸ் கட்டிகளைக் கொட்டிக் குனிந்தேன். மாமியார் எட்டிப் பார்த்து, “முகத்தையா ஊறப்போடுகிறாய்?” என்றார். நிமிர்ந்தபோது கோபம் போய்விடவில்லை. ஆனால் எதையும் தூக்கி எறியத் தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய லாபம், நடந்ததையும் நான் நினைத்ததையும் தனித்தனியாக எழுதும் பழக்கம். ஜூலையில் ஒரு மாலை எட்டு மணிக்கு வர வேண்டிய மகள் ஒன்பதரை வரை வரவில்லை. ‘என் பேச்சுக்கு மதிப்பில்லை’ என்று எழுதினேன். அது என் நினைப்பு. நடந்தது என்ன? அவள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. மழையில் ஹார்பர் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது என்று பிறகு தெரிந்தது. கதவைத் திறந்ததும் துண்டை நீட்டினேன். என்னை அவள் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல!

மடியில் உள்ளங்கைகளை மேல்நோக்கி விரித்து வைத்துக்கொள்ளும் பயிற்சியை மட்டும் ரயிலில் விட்டுவிட்டேன். யாராவது காசு போட்டுவிடுவார்களோ என்ற பயம்.

ஆசிரியை இளம்பெண், பொறுமைசாலி. குறை மையத்தின் மேல்தான். முழுமையான டி.பி.டி.யில் குழு வகுப்பு ஒரு பகுதிதான். தனி ஆலோசனை உண்டு, இடையில் தடுமாறினால் தொலைபேசியில் வழிகாட்டல் உண்டு, சிகிச்சையாளர்கள் தங்களுக்குள் கூடிப் பேசுவதும் உண்டு. தொலைபேசி உதவி தருவதாக இவர்களும் துண்டுத்தாளில் அச்சிட்டிருந்தார்கள். மூன்றாம் வாரம் இரவு ஒன்பதுக்கு அழைத்தேன். பதிவு செய்த குரல், காலையில் அழைக்கச் சொன்னது. காலையில் எனக்கு எதற்கு? பயிற்சித் தாள்கள் முழுக்க ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்த தாராவி அக்கா ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். ஐந்தாம் வாரத்தோடு நின்றுவிட்டார். அவருக்கு நான் வாசித்துச் சொல்லியிருக்கலாம்.

என்னைப் போல வெறும் முன்கோபிகளுக்கு இந்த வகுப்பு போதும், பணமும் வீணில்லை. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்கள் இதை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். முழுச் சிகிச்சை தரும் இடமாகத் தேடுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் இரவு ஒன்பதுக்குப் போனை எடுப்பது யார் என்று கேட்டுவிடுங்கள்.