விற்றுத் தீராத கையிருப்பு: பதிப்பக ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகும் எழுத்தாளர்களுக்கு

பதிப்பாளருடன் எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போட்டுவிட்டால் எழுத்தாளரை யாரும் ஏமாற்ற முடியாது என்று பலரும் நம்புகிறார்கள். வாய்ப்பேச்சை நம்பிக் கெட்டவர்களின் கதைகள் தமிழில் ஏராளமாக இருப்பதால் வந்த நம்பிக்கை அது. என்னிடம் ஒப்பந்தம் இருந்தது. முத்திரைத்தாளில், இரு தரப்புக் கையெழுத்தோடும் சாட்சிகளோடும் இருந்தது. அப்படியிருந்தும், ஒப்பந்தக் காலம் முடிந்து இரண்டு ஆண்டுகள் கடந்த பிறகும் என் நாவல் அச்சாகிக்கொண்டிருந்தது, விற்றுக்கொண்டும் இருந்தது. அந்தக் காலத்துக்கு ஒரு ரூபாய்கூட எனக்கு வரவில்லை. இதற்கு வழிசெய்து கொடுத்தது ஒப்பந்தத்திலேயே இருந்த, பார்வைக்கு மிகச் சாதுவான ஒரு வரி. அதே வரி வேறு பலருடைய ஒப்பந்தங்களிலும் இருப்பதைப் பின்னர் பார்த்தேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். விவகாரம் வழக்கறிஞர் கையில் இருப்பதால் பதிப்பகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நாவல் 2019 ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி வெளிவந்தது. விலை 320 ரூபாய். முதல் அச்சு 500 பிரதிகள். விற்ற பிரதிகளுக்கு அட்டை விலையில் 10 விழுக்காடு ராயல்டி. உரிமம் மூன்று ஆண்டுகளுக்கு, அதாவது 2021 டிசம்பர் 31 வரை. தமிழில் இவை நியாயமான நிபந்தனைகள்தாம். மூன்று ஆண்டுகளில் 340 பிரதிகள் விற்றதாகக் கணக்கு வந்தது. பிரதிக்கு 32 ரூபாய் வீதம் 10,880 ரூபாய். ஆண்டுக்கணக்கில் எழுதிய ஒரு நாவல் மூன்று ஆண்டுகளில் ஈட்டித் தந்த தொகை இது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மெய்ப்புத் திருத்துவதும் மொழிபெயர்ப்பதும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. வார இதழ்ச் சன்மானம் எப்போதாவது வந்தால் அது பண்டிகைச் செலவுக்கு ஆகும். நாவலால் அடுப்பெரியும் என்று தமிழில் எழுத வருகிற யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஆனால் அந்த 10,880 ரூபாயிலும் வருமான வரிப் பிடித்தம் என்று 1,088 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது. ராயல்டிக்கு 10 விழுக்காடு வரி பிடிக்கச் சட்டத்தில் இடம் உண்டு என்பது உண்மையே. ஆனால் ஆண்டுக்கு 30,000 ரூபாயைத் தாண்டாத தொகைக்குப் பிடித்தம் செய்யத் தேவையில்லை என்பதே அன்றைய விதி. 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 50,000 ரூபாயாகியிருக்கிறது. அதைவிட முக்கியமானது, பிடித்த வரி நம் பான் எண்ணில் செலுத்தப்பட்டிருந்தால் அது வருமான வரித் தளத்தில் உள்ள 26ஏஎஸ் படிவத்தில் தெரிய வேண்டும். என் படிவத்தில் அந்தத் தொகை எந்த ஆண்டிலும் இல்லை. ஆயிரம் ரூபாய்தானே என்று விட்டுவிடுகிற அளவுக்குச் சின்னதாக இருப்பதால்தான் இது நடக்கிறது. பதிப்பாளரிடமிருந்து ராயல்டி பெறுகிற எவரும் அந்தப் படிவத்தை ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். கால் மணி நேரம்கூட ஆகாது.

இனி, ஒப்பந்தத்தில் இருந்ததாகத் தொடக்கத்தில் சொன்ன அந்தச் சாதுவான வாசகத்துக்கு வருகிறேன். "ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும், கையிருப்பிலுள்ள பிரதிகளை விற்றுத் தீர்க்கும் உரிமை பதிப்பாளருக்கு உண்டு." படித்தவுடன் நியாயம் என்றே தோன்றும். பணம் போட்டு அச்சடித்தவர் மிஞ்சிய பிரதிகளை எடைக்கா போடுவார்? ஆனால் கையிருப்பு எத்தனை என்பதை யார் சொல்வது, எந்தத் தேதியில் எண்ணுவது, எத்தனை மாதத்துக்குள் விற்றுத் தீர்ப்பது என்று எதுவும் அந்த வரியில் இல்லை. 2022இல் கேட்டபோது 130 பிரதிகள் இருப்பதாகச் சொன்னார் பதிப்பாளர். அடுத்த ஆண்டு கேட்டபோது, "இன்னும் நூறு கிடக்கு அண்ணாச்சி, ஓட மாட்டேங்கு" என்றார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். எடுக்க எடுக்கக் குறையாத மணிமேகலையின் அமுதசுரபியாக அந்தக் கையிருப்பு இருந்துவந்தது.

உண்மை வெளிப்பட்டது ஓர் அச்சுப் பிழையால். முதல் அச்சில், 146ஆம் பக்கத்தின் கடைசி வரி 147ஆம் பக்கத்தின் முதல் வரியாக மறுபடியும் அச்சாகியிருந்தது. பக்கம் வடிவமைத்தவர் கைதவறிச் செய்தது. நாவல் வெளியான சில நாட்களிலேயே, இரண்டாம் பதிப்பு வந்தால் திருத்திக்கொள்ளும்படி ஒரு பட்டியல் மின்னஞ்சலில் அனுப்பினேன். அதில் இதுதான் முதலாவது. இரண்டாம் பதிப்பு வரவே இல்லை என்பது பதிப்பாளரின் கணக்கு. 2024இல் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு மாணவர் என் நாவலை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். அந்தப் பிழையைக் காட்டி அவரிடம் மன்னிப்புக் கேட்பது என் வழக்கம் என்பதால் 147ஆம் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே அந்த வரி இல்லை. பக்கம் ஒரு வரி மேலேறி, அத்தியாயத்தின் முடிவு வரை ஒழுங்காக நகர்ந்திருந்தது. தாளும் வேறு: முதல் அச்சு வெள்ளை மேப்லித்தோவில் வந்தது, இது சற்றே மஞ்சளான, தடித்த தாள், புத்தக முதுகும் அதற்கேற்பப் பருத்திருந்தது. ஆனால் பதிப்பு விவரப் பக்கத்தில் மட்டும் "முதல் பதிப்பு: டிசம்பர் 2018" என்பது ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது. உள்ளே அடையாளத்துக்காக மடித்து வைத்திருந்த விலைச்சீட்டு அந்த ஆண்டு ஜனவரிப் புத்தகக் காட்சியினுடையது.

அச்சுத்தொழில் மாறியிருக்கும் விதம் தெரியாவிட்டால் இந்த மோசடி எவ்வளவு எளிது என்பது விளங்காது. ஆஃப்செட்டில் தகடு செய்து அச்சிட்ட காலத்தில், குறைந்தது சில நூறு பிரதிகள் அடிக்காமல் கட்டுப்படியாகாது. ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அடித்துக் கட்டுக்கட்டாகக் கிடங்கில் அடுக்குவார்கள். எழுத்தாளர் கிடங்குக்குப் போனால் கண்ணால் பார்க்கலாம். இன்று டிஜிட்டல் அச்சில் பிடிஎஃப் கோப்பை அனுப்பினால் 30 பிரதி வேண்டுமானாலும் 50 பிரதி வேண்டுமானாலும் சில நாட்களில் கைக்கு வந்துவிடும். சிறு பதிப்பகங்கள் பிழைத்திருப்பதே இந்த வசதியால்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கையிருப்பு என்ற சொல்லுக்கு இந்த முறையில் பொருளே இல்லை. தேவைப்படும்போது கையிருப்பை உண்டாக்கிக்கொள்ளலாம். பழைய தமிழ் நூல்களின் முதல் பக்கங்களில் "பிரதிகள் 1200" என்று போட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், ஒவ்வொரு பதிப்பிலும் எத்தனை பிரதிகள் என்பதையும் அரசின் நூற்பட்டியலில் பதியச் சொன்னது. நடைமுறையில் அது எப்போதோ நீர்த்துப்போனது. அதற்குப் பதிலாக 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்துள்ள சட்டம் பருவ இதழ்களுக்கு மட்டுமே உரியது. நூல்கள் அதன் வரம்பில் இல்லை. ஆக, எத்தனை பிரதி அச்சானது என்பது பதிப்பாளருக்கும் அச்சகத்துக்கும் மட்டும் தெரிந்த செய்தி.

மாணவரின் பிரதியையும் விலைச்சீட்டையும் படமெடுத்து அனுப்பிவிட்டுப் பதிப்பாளரை அழைத்தேன். பைண்டிங்கில் சேதமான சில பிரதிகளுக்குப் பதிலாக அச்சகத்தார் கொஞ்சம் அடித்துக் கொடுத்ததாக முதலில் சொன்னார். நான் அனுப்பிய திருத்தம் அதில் எப்படி ஏறியது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதன்பின் குரல் மாறியது. "உங்க புஸ்தகம் கடைகள்ல இருக்கதே என்னாலதான், அதுக்குச் சந்தோசப்படாம கணக்கு கேக்கியளே" என்றார். இந்த வாக்கியத்தின் ஏதோ ஒரு வடிவத்தைத் தமிழில் எழுதுகிற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். புத்தகம் போட்டதே உபகாரம் என்ற இந்த எண்ணம் கட்டுரைத் தொகுப்பு போடுகிறவர் முதல் கவிதைக்குப் பணம் வாங்கிக்கொண்டு அச்சிடுகிறவர் வரை ஊறிப்போயிருக்கிறது. அச்சகத்துக்கும் தாளுக்கும் வாடகைக்கும் தவறாமல் போகிற பணம், எழுதியவரிடம் வரும்போது மட்டும் உபகாரமாகிவிடுகிறது.

பொது நூலகங்களுக்கு அரசு நூல் வாங்கும் நூலக ஆணை விஷயத்திலும் சந்தேகம் வந்தது. நாவலுக்கு நூலக ஆணை கிடைக்கவில்லை என்றுதான் மூன்று ஆண்டுகளும் சொல்லப்பட்டிருந்தது. ஒரு நண்பர் தம் ஊர்க் கிளை நூலகத்தில் அதைப் பார்த்ததாகச் சொன்னதும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு பொது நூலக இயக்ககத்துக்கு மனு அனுப்பினேன். என் நாவல் வாங்கப்பட்டிருந்தது. பதிலில் இருந்த பிரதிகளின் எண்ணிக்கை, மொத்தமாகவே அச்சிட்டதாகப் பதிப்பாளர் சொன்ன 500ஐவிட அதிகம். இதற்குமேல் நிரூபிக்க என்ன இருக்கிறது? நூலகம் தரும் விலை அட்டை விலையைவிடக் குறைவுதான், அதற்கேற்ப ராயல்டியும் குறையலாம். ஆனால் இல்லாமல் போகாது. நூலக ஆணை வரவில்லை என்று சொல்லப்பட்ட எவரும் இந்த மனுவை அனுப்பிப் பார்க்கலாம். நூலின் பெயர், பதிப்பகம், வெளியான ஆண்டு மூன்றையும் தெளிவாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

சட்டத்தில் எழுத்தாளருக்கு இருக்கும் பிடிமானம் நாம் நினைப்பதைவிட வலுவானது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நில எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். காலம் முடிந்தபின் புதிதாக அச்சிடுவது உரிமை மீறல். 63ஆம் பிரிவில் அதற்குச் சிறைத்தண்டனைக்கே இடமுண்டு. வெளியூர்க்காரர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது 62ஆம் பிரிவு: பதிப்பாளர் சென்னையில் இருந்தாலும், எழுத்தாளர் தாம் குடியிருக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இதை என் வழக்கறிஞர் சொன்ன பிறகுதான் அறிவிப்பு அனுப்பத் துணிந்தேன். சென்னைக்கு வாய்தா வாய்தாவாக அலையும் வசதி எனக்கு இல்லை.

புதிதாக ஒப்பந்தம் போடுகிறவர்கள் அந்தக் கையிருப்பு வரியை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். உரிமம் முடிகிற தேதியில் உள்ள பிரதிகளின் எண்ணிக்கையை எழுத்தில் தர வேண்டும், ஆறு மாதத்துக்குள் விற்க வேண்டும், அதற்குமேல் மிஞ்சுவதை அடக்க விலைக்கு எழுத்தாளரே வாங்கிக்கொள்ளலாம் என்று சேர்க்கச் சொல்லுங்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, ஒவ்வொரு அச்சின்போதும், அது 30 பிரதியாகவே இருந்தாலும், அச்சகம் தரும் பில்லின் நகலை அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனை. ராயல்டியை விற்ற பிரதிகளுக்கு என்று வைக்காமல் அச்சிட்ட பிரதிகளுக்கு என்று வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது; சிறு எண்ணிக்கையில் அச்சிடுகிறவருக்கு அது பெரிய சுமை அல்ல. என் நாவலை இப்போது வெளியிடவிருக்கும் பதிப்பாளர் இவற்றில் முதல் இரண்டையும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். மூன்றாவதற்கு மட்டும் ஒரு நாள் அவகாசம் கேட்டு, பாதித் தொகையை முன்பணமாகத் தருவதாக ஒப்புக்கொண்டார். நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் இந்தக் கேள்விகளால் முகம் சுளிப்பதில்லை என்பதையும் அப்போது பார்த்தேன்.

பழைய பதிப்பகத்திலிருந்து அறிவிப்புக்கு இன்னும் முறையான பதில் வரவில்லை. நாவல் மட்டும் அவர்களுடைய விலைப்பட்டியலிலிருந்து ஓசையில்லாமல் நீக்கப்பட்டிருக்கிறது. 2022 ஜனவரிக்குப் பிறகு என் நாவலை வாங்கியவர்கள் யாரேனும் இதைப் படித்தால், 146, 147ஆம் பக்கங்களையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் விலைச்சீட்டையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். தேதி தெரிகிற ஒவ்வொரு சீட்டும் வழக்கில் ஆவணமாகச் சேரும்.