இதர 500

மூன்று வாரம் ஊரில் இருந்தேன். பேங்கில் கேஒய்சி, அப்பா பெயரில் கிடந்த ஈபி கனெக்‌ஷனை மாற்றுவது, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. ஒழுங்காக முடிந்ததைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நான் எழுத வந்தது ஒரு மனநல ஆலோசனை ரசீதைப் பற்றி. இளஞ்சிவப்புத் தாள், கார்பன் வைத்து எழுதியது, கீழ்மூலையில் ரப்பர் ஸ்டாம்ப் பாதிதான் விழுந்திருந்தது. முதல் வரியில் ‘ஆலோசனை 1,000’. அதற்குக் கீழே, கொஞ்சம் சரிந்த கையெழுத்தில், ‘இதர 500’.

இந்த ‘இதர’வுக்காக நான் முக்கால் மணி நேரம் சண்டை போட்டேன். 500 ரூபாய்க்கு மெல்போர்னில் இரண்டு காபி வராது. தெரிந்துதான் போட்டேன்.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. வருஷத் திதிக்குத்தான் பாளையங்கோட்டை போனேன். அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதை நாலு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள், “ஒரு கவுன்சிலரைப் போய்ப் பாத்துட்டு வரலாம்மா” என்றேன்.

“எந்த வார்டு?” என்றாள் அம்மா. “தண்ணிதான் ஒழுங்கா வருதே.”

விளக்கிச் சொன்னதும் அடுத்த கேள்வி வந்தது: “பேசுததுக்கா எய்யா துட்டு? பேச இந்தத் தெருவுல ஆளா இல்ல?” தெருவில் பேச ஆள் நிறைய உண்டு. பேசியது நாலு தெரு தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குத்தான் துட்டு என்று சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

போன் போட்டேன். ஒரு சிட்டிங் ஆயிரம் ரூபாய், நாளைக்கே வாங்க சார் என்றார்கள். நாளைக்கே! எனக்கு அது காதில் தேன். மெல்போர்னில் இரண்டு வருஷம் முன்னால் எனக்கே தூக்கம் போனபோது, முதலில் ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம் போய், மனநலத் திட்டம் என்று ஒரு தாள் எழுதி வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டு சைக்காலஜிஸ்ட் தேடி, இடம் கிடைக்க மூன்று மாதம் ஆனது. அதற்குள் தூக்கம் தானாகவே பாதி திரும்பிவிட்டது. ஆனால் ஒன்று, காசு விஷயத்தில் அங்கே ஒளிவுமறைவு கிடையாது. முதல் மெயிலிலேயே எல்லாம் வந்துவிடும்: 50 நிமிஷம், இத்தனை டாலர், மெடிகேர் என்கிற அரசாங்கக் காப்பீடு இவ்வளவு திருப்பித் தரும், வருஷத்துக்கு 10 தடவைக்குத்தான் தரும், 48 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லாமல் வராமல் போனால் முழுக் கட்டணம். கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள்.

அந்த மனப்பழக்கத்தோடு ஊரில் போய் நின்றால் என்ன ஆகும்? உள்ளே அம்மாவோடு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு இருபது நிமிஷம். வெளியே வந்ததும் இளஞ்சிவப்புத் தாள்.

“இதரன்னா என்னம்மா?”

“அது அப்படித்தான் சார் போடுவோம்.”

“போன்ல ஆயிரம்னுதானே சொன்னீங்க?”

“ஆமா சார், ஆயிரம்தான். இது இதர சார்.”

இப்படியே சுற்றிச் சுற்றி வந்தோம். பின்னால் பெஞ்சில் காத்திருந்த ஒருவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்பா இருந்திருந்தால் பஸ் கண்டக்டரிடம் ஐம்பது பைசாவுக்கு இதைத்தான் செய்திருப்பார். அது எனக்கும் தோன்றியது, அதற்காக விட மனசு வரவில்லை.

கடைசியில் அம்மாவிடம் பேசிய சைக்காலஜிஸ்டே வெளியே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கோபப்படவில்லை. ரசீதைத் திருப்பி, அதன் முதுகிலேயே எழுதிக் காட்டினார். முதல் தடவை மட்டும் மதிப்பீடு உண்டு. அம்மாவிடம் முப்பது கேள்வி கேட்டு ஆமாம், இல்லை என்று குறித்துக்கொண்டது அதுதான். அதற்கு மதிப்பெண் போட வேண்டும், என்னிடம் பேசியதையும் சேர்த்துக் குறிப்பு எழுத வேண்டும். அம்மா போன பிறகும் அம்மாவுக்காக அரை மணி நேர வேலை இருக்கிறது. அதுதான் 500. அடுத்த தடவையிலிருந்து கிடையாது.

சரி, நியாயம். “இதைப் போன்லயே சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“சொன்னா முதல் தடவையே யாரும் வரமாட்டாங்க சார்” என்றார், ஒளிக்காமல்.

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பெஞ்சுக்காரர் செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார். நான்தான் விடாமல், பக்கத்து அறையில் 600 என்று எழுதியிருக்கிறதே, அதென்ன என்று கேட்டேன். அந்த அறையில் இருப்பவர் படிப்பு முடித்து இரண்டு வருஷம் ஆன கவுன்சிலர், இவர் எம்.பில் முடித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். சுவரில் பதிவு எண்ணோடு சான்றிதழ் தொங்கியது. 1992ஆம் வருஷச் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொண்டு தொழில் செய்ய முடியாது. வெறும் கவுன்சிலர் என்று போர்டு மாட்ட நடைமுறையில் அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆஸ்திரேலியாவிலும் ஏறக்குறைய இதே கதைதான்: சைக்காலஜிஸ்ட் என்ற பெயருக்குச் சட்டக் காவல் உண்டு, கவுன்சிலர் என்ற பெயருக்கு இல்லை. கிளினிக்கல் என்று முன்னால் சேர்ந்தால் மெடிகேர் கூடுதலாகத் திருப்பித் தரும். அம்மா இவரை டாக்டர் டாக்டர் என்றே கூப்பிட்டாள். “நான் டாக்டர் இல்லம்மா, மாத்திரை எழுத மாட்டேன்” என்று இவர் திருத்திக்கொண்டே இருந்தார். மாத்திரை வேண்டுமென்றால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும், அது தனி பீஸ்.

அதன் பிறகு அவர் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்குப் புதிது. ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு மேல் பார்ப்பதில்லையாம், அதற்கு மேல் காதில் ஏறாது. அந்த ஐந்தில் ஒருவராவது சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போய்விடுவார். கடையில் விற்காத சட்டையை நாளைக்கு விற்கலாம். காலியாகப் போன பதினோரு மணியை நாளைக்கு விற்க முடியாது. வாடகை, கரண்டு, வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் சம்பளம் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் ஓடும். “அப்ப அதை யார் கொடுக்கிறா?” என்றேன். “நீங்கதான் சார். வந்தவங்க.”

மெல்போர்னில் வராதவனிடமே வாங்கிவிடுகிறார்கள். ஊரில் வராதவன் காசை வந்தவர்கள் தலையில் பிரித்துப் போடுகிறார்கள். எது நல்லது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு தடவை டிராமில் மாட்டிக்கொண்டு போக முடியாமல் போனதற்கு 240 டாலர் கட்டியவன் நான், மெடிகேரிலிருந்து அதற்கு ஒரு காசு திரும்பவில்லை. அந்த எரிச்சல் போக இன்னொரு சிட்டிங் தேவைப்பட்டது.

ஆன்லைனில் செய்தால் குறையுமா என்று கேட்டதற்கு, குறையாது என்றார். திரையில் உட்கார்ந்தாலும் அவருக்குப் போவது அதே ஐம்பது நிமிஷம். எத்தனை சிட்டிங் என்றேன். எட்டு பார்ப்போம், நடுவிலேயே போதும் என்று தோன்றினால் நிறுத்திவிடலாம் என்றார். ஒரு சிட்டிங் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டு அலைகிறோம், எத்தனை என்று கேட்பதில்லை. 600 ரூபாய்க்கு இருபது தடவை இழுத்தால் பன்னிரண்டாயிரம். இவரிடம் எட்டுத் தடவை, இதரவையும் சேர்த்தே எட்டாயிரத்து ஐந்நூறு.

அம்மாவுக்கு ஒரு மருத்துவக் காப்பீடு வைத்திருக்கிறேன். 2017ஆம் வருஷ மனநலச் சட்டம், உடம்பு நோய்க்கு எப்படியோ அப்படியே மன நோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தத் தெம்பில் போன் போட்டேன். “அட்மிட் ஆனா உண்டு சார். வந்துட்டுப் போறதுக்கு இல்ல.” சட்டம் சமம் என்றுதான் சொல்லியிருக்கிறது? “காய்ச்சலுக்கு டாக்டரைப் பாத்துட்டுப் போனாலும் உங்க பாலிசில கிடையாது சார்.” சமம்தான், மறுக்க முடியவில்லை. தெரபி என்பது நூற்றுக்கு நூறு வந்துவிட்டுப் போகிற சமாச்சாரம் என்பதால், அந்தச் சமத்துவத்தில் நம் கைக்கு வருவது பூஜ்யம்.

காசே இல்லாத வழியும் உண்டு. ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு ஓபி இலவசம். 14416 என்று 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், ஒரு பைசா கிடையாது. ஐகிரவுண்டு என்றதுமே அம்மா மறுத்துவிட்டாள். “அங்கன ஓபி வரிசைல நின்னா நம்ம தெருவே பாத்துரும்.” போனில் முகம் தெரியாதவரிடம் பேச வராது என்றாள். ஆக நான் கட்டும் ஆயிரத்தில் ஒரு பங்கு, யார் கண்ணிலும் படாமல் உட்கார ஒரு சின்ன அறைக்கும் பிளாஸ்டிக் பூ வைத்த ஒரு ஜன்னலுக்கும். இங்கே உள்ளவர்கள் நாகர்கோவிலுக்குப் போய்ப் பார்ப்பார்கள், நாகர்கோவில்காரர்கள் இங்கே வருவார்கள் என்று வாசலில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். பஸ் காசையும் பில்லில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாம் தடவை நானும் கூடப் போனேன். ரசீதில் ‘ஆலோசனை 1,000’, இதரவுக்கு நேரே ஒரு கோடு. அம்மா ரசீதை வாங்கிப் பார்த்தாள். “போன தடவைக்கு இப்ப குறைஞ்சிருக்கே. அப்ப கொஞ்சம் நல்லாயிட்டேன் போல?” உள்ளே பேசி முடித்தபின் ஐந்து நிமிஷம் மிச்சம் இருந்ததாம், சும்மாவே உட்கார்ந்துவிட்டு வந்தாளாம். “துட்டு குடுத்திருக்கோம்லா.”

நான் திரும்பி வந்துவிட்டேன். போன சனிக்கிழமை போன் பண்ணினால், அம்மா குரல் தெளிவாக இருந்தது. முந்தின ராத்திரி நாலு மணி வரை தூங்கினாளாம். அன்றைக்கு சிட்டிங் போகவில்லை, பக்கத்து வீட்டில் வளைகாப்பு.

“போன் பண்ணிச் சொன்னியாம்மா?”

“எதுக்கு? வரலன்னா வரலன்னு தெரிஞ்சிக்கிட மாட்டாவளா?”

ஜிபேயில் ஆயிரம் ரூபாய் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் வாசலில் இருக்கும் பெண்ணிடமிருந்து போன். அம்மா இன்னிக்கு வரலையே சார், இதை ரசீதுல என்னன்னு போட?

“இதரன்னு போடுங்கம்மா” என்றேன்.