ஓஎம்-1: குறுக்குக்கோட்டு ஸ்கிரீனோடு ஆறு வருடம்

போன வாரம் என் ஒலிம்பஸ் ஓஎம்-1 ஃபிலிம் கேமரா ரிப்பேரிலிருந்து வந்தது. அதைக் கேட்ட நண்பர், தானும் ஒன்று வாங்கப்போவதாகவும் நட்சத்திரம் எடுக்க எந்த ஃபோகஸிங் ஸ்கிரீன் (வியூஃபைண்டரில் பிம்பத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும், கழற்றி மாற்றக்கூடிய தட்டு) போடலாம் என்றும் கேட்டார். போனில் சொன்னால் ரிப்பேர் கடைக்காரரைத் திட்டுவதிலேயே நேரம் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

கேமராவோடு பெரும்பாலும் வரும் 1-13 என்ற எண்ணுள்ள ஸ்கிரீன் வேண்டாம். டெலஸ்கோப்பில் மாட்டினால் நடுவிலுள்ள பிளவு வட்டம் பாதி கறுத்துவிடும். 1-8 முழு மேட், அதாவது பரப்பு முழுதும் பொடிச் சொரசொரப்பு. டெலிஃபோட்டோ லென்ஸுக்கும் டெலஸ்கோப்புக்கும் என்று ஒலிம்பஸ் விற்றது. முதலில் அதுதான் என்னிடம் இருந்தது. கேட்டை நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். மங்கலானவை மேட்டின் பொடியில் கரைந்துவிடும்.

அப்புறம்தான் 1-12 கிடைத்தது. மேட்டே கிடையாது, தெளிந்த பரப்பில் மெல்லிய குறுக்குக்கோடு மட்டும். முதல் முறை பார்த்தபோது கேட்டை ஊசிமுனையாக நின்றது, சுற்றிலும் அதுவரை நான் பார்த்திராத பொடி நட்சத்திரங்கள். ஃபோகஸ் பார்ப்பதும் அழகு. கண்ணை இடமும் வலமும் லேசாக அசைக்க வேண்டும். கோடும் நட்சத்திரமும் சேர்ந்தே நகர்ந்தால் சரி. ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கினால் வளையத்தை இன்னும் திருப்ப வேண்டும். லென்ஸ் துளை எஃப் 2.8ல் இருக்கும்போது ஃபோகஸ் 0.1 மி.மீ. தவறினாலே நட்சத்திரம் 0.036 மி.மீ. வட்டமாக வீங்கிவிடும். லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியை நம்பி நான் வீணாக்கிய ரோல்களுக்குக் கணக்கில்லை.

ஆனால் அந்தக் கோடு கறுப்பு. வானமும் கறுப்பு. சென்னை மொட்டை மாடியில் தெருவிளக்கின் புண்ணியத்தில் வானம் சாம்பலாக இருப்பதால் கோடு தெரிகிறது. படம் எடுக்கத்தான் அந்த வானம் உதவாது. காவலூர்ப் பக்கம், ஜவ்வாது மலையில் நல்ல இருட்டில் கேமராவை வைத்தால் கோட்டைக் காணோம்! லென்ஸுக்கு முன்னால் சிவப்பு டார்ச்சை ஓரமாகப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். "இருட்டுக்காக 200 கிலோமீட்டர் வந்துட்டு டார்ச் அடிக்கச் சொல்றீங்களே மாமா" என்று மச்சான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறான். ஆறு வருடமாக என்னிடம் பதில் இல்லை.

பகலில் இந்த ஸ்கிரீன் சுத்தமாக உதவாது. ஃபோகஸ் தப்பினாலும் நம் கண்ணே அதைச் சரிக்கட்டிக்கொள்வதால் எல்லாம் கூர்மையாகத்தான் தெரியும். அண்ணன் மகள் காதுகுத்தை அப்படித்தான் கோட்டைவிட்டேன். அண்ணி இன்னும் ஆல்பம் கேட்கிறார்.

ரிப்பேர் கதை இதுதான். இந்தக் கேமராவில் பிரிஸத்தின் (ஸ்கிரீனுக்கு மேலே உள்ள கண்ணாடிக் கட்டி) மேலிருக்கும் ஃபோம் மக்கித் தாராக வழியும்; நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். கடைக்காரர் அதைச் சுத்தம் செய்தார், சரி. கூடவே ஸ்கிரீனையும் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டார். நட்டநடுவில் ஒரு கீறல். "ஃபிலிமில் விழாது சார்" என்கிறார். விழாதுதான். நல்லவேளை, லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்து நின்று ஸ்கிரீனுக்கு ஒளியைத் திருப்பும் கண்ணாடியின் நிலை நகரவில்லை. பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தடத்தில் மேட் கண்ணாடித் துண்டை வைத்து, பி-யில் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலை) ஷட்டரைத் திறந்து, அங்கே விழும் ஃபோகஸும் வியூஃபைண்டரில் தெரிவதும் ஒன்றா என்று சரிபார்த்தேன். ரிப்பேருக்குப் போய்வந்த எந்தக் கேமராவுக்கும் இதைச் செய்துவிடுங்கள்.

நண்பருக்கு நான் சொல்வது: 1-8 வாங்குங்கள், நிம்மதியாக இருங்கள். தேடும்போது கீறல் இல்லாத 1-12 கண்ணில் பட்டால் எனக்கு உடனே போன் பண்ணுங்கள், ராத்திரி ஆனாலும் பரவாயில்லை.