பேஸ்புக் 'பூஸ்ட்' பட்டன்: லைக் வரும், ஆர்டர் வருமா?

பதிவுக்குக் கீழே இருக்கும் 'பூஸ்ட் போஸ்ட்' பட்டனைத் தட்டினால் சில நிமிடங்களில் விளம்பரம் தயார். கடைத் திறப்பு, ஆடித் தள்ளுபடி போன்ற அவசரச் சமாச்சாரத்துக்கு அது போதும். ஆனால் எங்கேஜ்மென்ட்டைக் (லைக், கமெண்ட், ஷேர்) குறியாக வைத்துவிட்டால், பேஸ்புக் லைக் போடும் வழக்கமுள்ளவர்களைத்தான் தேடிப் பிடிக்கும், வாங்குபவர்களை அல்ல.

ஆர்டர் வேண்டுமென்றால் அதே பணத்தை ஆட்ஸ் மேனேஜரில், அதாவது பேஸ்புக்கின் முழு விளம்பரக் கருவியில், போடலாம். குறிக்கோள் 'சேல்ஸ்' அல்லது 'லீட்ஸ்' (வாங்க ஆர்வமுள்ளவர்களின் தொடர்பு விவரம்). இணையதளத்தில் விற்றால் பிக்ஸல் (விளம்பரம் பார்த்து வந்தவர் வாங்கினாரா என்று கண்காணிக்கும் சிறு கோடு) கட்டாயம். ஊர்ப் பெயரை மட்டும் தட்டாமல், வரைபடத்தில் பின் குத்தித் தூரத்தைச் சுருக்குங்கள். 3 கிலோமீட்டருக்குள் டெலிவரி செய்யும் பிரியாணிக் கடைக்கு 40 கிலோமீட்டர் தள்ளி விழும் லைக் எதற்கு?

பலர் சொதப்புவது அதற்குப் பிறகுதான். தினமும் படத்தையும் பட்ஜெட்டையும் நோண்டுவார்கள். ஒரு ஆட் செட்டுக்கு (ஒரே பட்ஜெட், ஒரே இலக்கு வாசகர் கொண்ட விளம்பரத் தொகுப்பு) வாரத்தில் ஏறத்தாழ 50 ரிசல்ட் கிடைத்தால்தான், யாருக்குக் காட்டலாம் என்று பேஸ்புக் கற்றுக்கொள்ளும் 'லேர்னிங்' கட்டம் முடியும். பெரிய மாற்றம் செய்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து.

ஐபோன் ஆப்பில் பூஸ்ட் செய்வோர் கவனிக்க: 2024-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆப்பிளின் 30 சதவீதக் கட்டணம் தனி. பிரவுசர் வழியாகச் செய்தால் அது மிச்சம். இந்தியாவில் 18 சதவீத ஜிஎஸ்டியிலிருந்து மட்டும் தப்ப முடியாது.