கிரேடிலின் மேவன்-பப்ளிஷ் பிளகின்: நம்பி எடுக்கலாம், பாம் (pom.xml) கோப்பை மட்டும் பார்த்துவிடுங்கள்

ஜாவா, கோட்லின் நூலகங்களை வெளியிட, பில்ட் கருவியான கிரேடிலோடு சேர்ந்தே வரும் மேவன்-பப்ளிஷ் பிளகின் தாராளமாகப் போதும். பப்ளிகேஷன் பிளாக்கில் 'ஃப்ரம்' என்று ஜாவா காம்போனென்ட்டைக் காட்டிவிட்டால் ஜார், பாம் (நூலகத்தின் பெயர், பதிப்பு, அது சார்ந்திருக்கும் நூலகங்கள் ஆகியவற்றைச் சொல்லும் கோப்பு), கிரேடிலின் மாட்யூல் கோப்பு மூன்றும் தயார்.

சறுக்கும் இடம் டிபென்டென்ஸி அறிவிப்புதான், அதாவது உங்கள் நூலகம் சார்ந்திருக்கும் பிற நூலகங்களைக் குறிப்பிடும் வரிகள். 'ஏபிஐ' என்று போட்டது பாமில் கம்பைல் ஸ்கோப்பாகப் போகும் (எடுத்துப் பயன்படுத்துபவர் கம்பைல் செய்யும்போதே கிடைக்கும்), 'இம்ப்ளிமென்டேஷன்' ரன்டைம் ஸ்கோப்பாகப் போகும் (ஓடும்போது மட்டும் கிடைக்கும்). உங்கள் பப்ளிக் மெத்தட் வேறொரு நூலகத்தின் கிளாஸைத் திருப்பித் தருகிறது, அந்த நூலகமோ இம்ப்ளிமென்டேஷனில் கிடக்கிறது என்றால் உங்கள் பக்கம் பில்ட் தடையில்லாமல் ஓடிவிடும். எடுத்துப் பயன்படுத்துபவருக்குத்தான் கம்பைல் உடையும். ஜாவா ப்ராஜெக்ட்டில் 'ஏபிஐ' என்று எழுத ஜாவா-லைப்ரரி பிளகினும் வேண்டும்.

அனுப்புவதற்கு முன் மேவன் லோக்கலுக்கு (உங்கள் கணினியிலேயே இருக்கும் களஞ்சியம்) வெளியிடும் டாஸ்க்கை ஓட்டி, ஹோம் ஃபோல்டரின் .எம்2-வுக்குள் விழும் பாமைத் திறந்து படியுங்கள். பதிப்பு எண் இருக்கவேண்டிய இடத்தில் 'அன்ஸ்பெசிஃபைட்' என்று நின்றால் வெர்ஷன் வரி விடுபட்டிருக்கிறது.

ஜாவா நூலகங்களின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலுக்குப் போக சோர்ஸ் ஜார், ஜாவாடாக் ஜார், ஜிபிஜி (டிஜிட்டல்) கையொப்பம், பாமில் உரிமமும் டெவலப்பர் விவரமும் எஸ்சிஎம் (சோர்ஸ் கோட் இருக்கும் இடம்) முகவரியும் கட்டாயம். ஏறிய பதிப்பை மாற்றவோ அழிக்கவோ முடியாது, 1.0.0-இல் பிழையென்றால் 1.0.1 தான் வழி. சென்ட்ரலுக்கு அப்லோடு செய்யும் பழைய ஓஎஸ்எஸ்ஆர்எச் வாசல் 2025 ஜூன் 30-இல் மூடப்பட்டது. புதிய சென்ட்ரல் போர்ட்டலின் அப்லோடு முறை இந்தப் பிளகினுக்குள் இல்லை, அதற்கு வழக்கமாக வெளியார் பிளகின் ஒன்றைச் சேர்க்கவேண்டியிருப்பது உண்மையிலேயே பெரிய குறை.